நாலாம் லயத்துக் கதவுகள்

அந்த மனிதரை முதன்முதலாகப் பார்த்தபோது அவருக்கு வலது முழங்காலில் வலி இருக்கிறது என்று கண்டுகொண்டேன். அவரைப் பற்றி நான் சரியாகக் கண்டது அது ஒன்றுதான்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நான் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரி மலையின் ஒரு முதுகில் இருக்கிறது. எதிர் முதுகில் நாலாம் லயம், தொழிலாளர்களின் ஒற்றை வரிசை வீடுகள். இரண்டுக்கும் நடுவே ஓடை, அதன் இரு பக்கமும் தேயிலை. என் மேசைக்கு முன்னால் ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல். காய்ச்சல்காரர்களும் கையை வெட்டிக்கொண்டவர்களும் வந்து போனபிறகு, பத்தரை மணியிலிருந்து எனக்கு அதிகம் வேலை இருக்காது. புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வேன். வாசிப்பேன், வெளியே பார்ப்பேன், மறுபடி வாசிப்பேன். இருபத்தாறு வருஷமாக இப்படித்தான். பாதையில் வருகிறவர்களின் நடையைப் பார்த்தே யாருக்கு இடுப்பு வலி, யாருக்குச் சீனி வியாதி, யார் நேற்றுக் குடித்தார் என்று சொல்லிவிடுவேன். அது பெரும்பாலும் சரியாக இருந்ததால் மற்றவற்றிலும் என் பார்வை சரி என்று தோட்டத்தில் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் அதிகம் பேசாத ஆள். பேசாமல் விட்டதையெல்லாம் அவர்கள் அறிவு என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஓகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. நாலாம் லயத்துக்கு மேலே, பராமரிப்பில்லாமல் விட்ட தேயிலைக்குள், அவர் குனிந்து தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். மடித்துக் கட்டிய சாரம், பட்டாளத்து நிறத்தில் பழைய ஜக்கெட். கையில் சுத்தியல். கொஞ்ச நேரத்தில் தரையில் ஒரு முளையை அடித்தார். ஆறேழு அடி தள்ளி இன்னொன்று. இரண்டின் தலையிலும் சிவப்புப் பெயின்ட். பிறகு டேப்பை இழுத்து அளந்து ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு, வலது காலை இழுத்தபடி கீழே கிராமத்துக்கு இறங்கிப் போனார்.

கீழே இருப்பது சிங்களக் கிராமம். போஞ்சியும் உருளைக்கிழங்கும் போடுகிற ஐம்பது வீடுகள், ஒரு விகாரை. அவர்களும் நாங்களும் ஒரே பஸ்ஸில்தான் பெரகல பஜாருக்குப் போகிறோம். பஸ்ஸில் ஒருவருக்கொருவர் நகர்ந்து இடம் கொடுப்போம், சிரிப்போம். இறங்கியதும் அது முடிந்துவிடும்.

அவர் முளை அடித்த இடம் சும்மா கிடந்த இடம் அல்ல. நாலாம் லயத்தின் பன்னிரண்டு குடும்பங்களுக்கும் தனி வீடு கட்ட ஏழு பேர்ச் வீதம் தரப்போவதாக மூன்று தேர்தலாகச் சொல்லப்பட்டு வந்த நிலம். என் அக்கா இராக்கம்மாவின் காம்பரா அந்த லயத்தில் ஏழாவது. பதினான்கு வயதில் அந்த அறைக்கு வந்தாள். அதிலேயே கல்யாணம் கட்டி, அதிலேயே நிரஞ்சலாவைப் பெற்று, புருஷனையும் அதே வாசல் வழியாகத் தூக்கிக் கொடுத்தவள். இரண்டு பக்கச் சுவரும் அடுத்த வீட்டுக்காரர்களின் சுவர். அவளுக்கு வேண்டியிருந்ததெல்லாம் நாலு பக்கமும் தன்னுடையதாக இருக்கும் ஒரு வீடு. சொந்தக் காணி கிடைக்கும் முன்பே மேலே போய், இதுதான் எனக்கு என்று ஒரு மூலையைத் துப்புரவாக்கி வைத்திருந்தாள்.

அன்று மத்தியானம் மாரிசாமி இருமல் மருந்துக்கு வந்தார். தோட்டத்துச் சங்கத் தலைவர். அவரும் நாலாம் லயம்தான், முதலாவது காம்பரா.

"பாத்தீங்களா ஐயா, நம்ம எடத்துல ஒருத்தன் முளையடிச்சிட்டுப் போறான்."

"பாத்தேன்."

"கந்தோர் ஆளாங்க, தொரை ஆபீஸ்ல இருந்து?"

"கந்தோர் ஆள் சாரத்தோடயா வருவான்?"

"அதானே. கீழ கிராமத்து சுதுபண்டாங்குறா எங்க வீட்டுப் பொம்பள. பஸ்ஸுல ஒரு வாட்டி இவளுக்கு வெத்தல மடிச்சுக் குடுத்தானாம். நல்ல மனுசன்னு சொல்றா. நீ மென்னுக்கிட்டே இரு, அவன் காணியை முழுங்கிருவான்னு சொன்னேன்."

நான் சிரித்தேன். அவர் மருந்துப் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு வார்த்தை கேட்டுப் பாத்தா என்னங்க? நமக்கு அவங்க பாஷை அரைகொறை. நீங்கன்னா அவங்களவிட நல்லாப் பேசுவீங்க."

"கேட்டாச் சொல்லிடுவானா மாரிசாமி? பாத்தாலே தெரியலையா?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெரியுதுதாங்க" என்றார்.

எங்களுக்கு என்ன தெரிந்தது என்பதைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் எதுவும் முளையில்தான் தொடங்கும். கன்று நட முளை, ரோட்டுக்கு முளை, காணி பிரிக்க முளை. யாரும் எங்களிடம் வந்து இன்னது நடக்கப் போகிறது என்று சொல்வதில்லை. ஒரு காலையில் முளை நிற்கும். அதன் நிறத்தையும் இடைவெளியையும் பார்த்து நாங்களே தெரிந்துகொள்வோம். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது நாங்கள் இருந்தது மொனராகலைப் பக்கம் ஒரு இறப்பர் தோட்டத்தில். அங்கேயும் முதலில் முளையும் கயிறுமாகத்தான் வந்தார்கள். கிராமத்து ஆட்கள், அப்பாவுக்குப் பெயர் தெரிந்தவர்கள். அடுத்த மாதம் ஒரு காலையில் அவர்களில் சிலர் தடியோடு ஏறி வந்தார்கள். அப்பா கதவைத் தாழிட்டு மேசையை நகர்த்தி வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். அக்கா என் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கதவு தாங்கியது. திறந்துகொண்டு ஓடினவர்கள்தான் வெட்டுப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் நடந்தே இந்த மலைக்கு வந்து சேர்ந்தோம். அதை நானும் அக்காவும் அதற்குப் பிறகு ஒரு தடவைகூடப் பேசிக்கொண்டதில்லை. பேச அவசியம் இருக்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே பாடம்.

செப்டம்பரில் ஒரு நாள் சுதுபண்டா டிஸ்பென்சரி வரை வந்தார். வெளிக் குழாயில் கையேந்தித் தண்ணீர் குடித்தார். பிறகு விறாந்தையில் ஏறி நின்றார். கையில் அந்தக் கொப்பி, மணிக்கட்டில் பௌத்தர்கள் கட்டும் பிரித் நூல். நான் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு தடவை பார்த்துவிட்டுப் புத்தகத்தில் கண்ணை வைத்துக்கொண்டேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பது தெரிந்தது. நான் நிமிரவில்லை. இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம் இருக்கலாம். அவர் மூச்சு வாங்குவது கேட்டது. நான் பக்கத்தைத் திருப்பினேன். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். நேராகக் கண்ணைப் பார்த்துப் பேச முடியாதவன், உள்ளே குற்றம் இருக்கிறது என்று நினைத்தேன். கண்ணைக் கொடுக்காமல் இருந்தவன் நான் என்பது அப்போது தோன்றவில்லை.

மறுநாள் ஞாயிறு. அக்கா வீட்டில் சாப்பிடப் போயிருந்தேன். மாரிசாமியும் லயத்து ஆட்களும் வாசலில் நின்றார்கள்.

"என்னங்க செய்யலாம்?" என்று மாரிசாமி கேட்டார்.

"புடுங்கிப் போட்டுடுங்க" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். எல்லாரும் மேலே ஏறினோம். அக்கா தன் கையாலேயே இரண்டு முளையைப் பிடுங்கினாள். "பல்லு புடுங்குற மாதிரி வருதுடா தம்பி" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. முளைகளை ஓடையில் எறிந்தார்கள். நிரஞ்சலா மட்டும் ஓர் இடத்தில் குனிந்து நின்றாள். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. எதையும் குனிந்து பார்க்கிற பழக்கம்.

"மாமா, இங்க தரை நீளத்துக்கு வெடிச்சிருக்கு. கை உள்ள போகுது."

"கோடைக்கு வெடிக்கும் புள்ள" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை சுதுபண்டா வந்து தேயிலைக்குள் அங்குமிங்கும் தேடினார். லயத்து வாசலில் அக்கா இடுப்பில் கைவைத்து நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்ச நேரம் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மறுபடி இரண்டு முளை அடித்தார். சாயங்காலத்துக்குள் அதுவும் ஓடையில் கிடந்தது. அதற்கடுத்த வாரமும் அப்படியே. நாலாவது வாரம் அவர் எங்கள் பக்கம் வரவில்லை. எல்லை வேலியோடு நின்று, தங்கள் பக்கத்து மண்ணில் முளையை அடித்துவிட்டுப் போனார். அன்று மாரிசாமி எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தார்.

"ஐயா கண்ணு சும்மா பாத்தாலே ஸ்கேன் எடுத்த மாதிரிங்க" என்றார்.

பழத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

நவம்பர் கடைசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிடவில்லை. மலையில் வேலை இல்லை. மற்ற நாளாக இருந்திருந்தால் காலை ஒன்பது மணிக்கு லயம் வெறுமனே கிடக்கும், எல்லாரும் கொழுந்து மலையில் இருப்பார்கள். அன்று எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். நிரஞ்சலா மட்டும் தொழிற்சாலைப் பெண்களின் பிள்ளைகளுக்காக வந்து, டிஸ்பென்சரிக்குப் பின்னாலுள்ள பிள்ளைக் காம்பராவைத் திறந்து வைத்திருந்தாள்.

ஒன்பதரை மணி இருக்கும். கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். கிராமத்துப் பக்கமிருந்து ஆட்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். எட்டுப் பத்துப் பேர். கையில் நீளமான தடிகள், இரும்பு அலவாங்கு, ஒருவரிடம் மண்வெட்டி. ஓடி வந்தார்கள். வாய் திறந்து திறந்து மூடியது. தகரத்தில் விழுந்த மழையில் ஒன்றும் கேட்கவில்லை. முன்னால் வந்தவர் வலது காலை இழுத்துக்கொண்டு வந்தார். பட்டாளத்து நிற ஜக்கெட்.

அவர்கள் நடையைப் பார்த்தேன். கோபக்காரர்களின் நடை என்று முடிவு செய்தேன். அவசரத்துக்கும் கோபத்துக்கும் உடம்பில் வித்தியாசம் உண்டு. கோபத்தில் வருகிறவன் தோளை முன்னால் கொடுத்து வருவான், வழுக்குகிற இடத்தில் தன் காலை மட்டும் பார்ப்பான். இவர்கள் வழுக்குகிற இடத்தில் ஒருவரையொருவர் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். பார்த்தேன். கண்ணில் பட்டது. இன்றைக்கும் அது அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறொரு காலையை, வேறொரு மலையை.

அக்காவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"அக்கா, கீழேருந்து ஆளுங்க வர்றாங்க. தடியோட."

"முளைக்குத்தானா?"

"முளைக்குத்தான். கதவைப் பூட்டு. எல்லாரையும் பூட்டச் சொல்லு. என்ன சத்தம் போட்டாலும் தெறக்காதீங்க."

"நீ எங்க இருக்க?"

"டிஸ்பென்சரியில. பொலிசுக்கு எடுக்குறேன். தெறந்துடாத."

"சரி தம்பி" என்றாள். பிறகு, "நீ இந்தப் பக்கம் வந்துடாத."

அவள் வாசலுக்கு வந்து இரண்டு பக்கமும் பார்த்துக் கத்துவது தெரிந்தது. கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. பன்னிரண்டு கதவுகள். கடைசியாக அவளுடையது. எனக்கு ஒரு ஆறுதல் வந்தது. அதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. நல்ல வேளை பார்த்தோம் என்று நினைத்தேன்.

அவர்கள் லயத்தை எட்டிக் கதவு கதவாக இடித்தார்கள். முதலாவது கதவை அலவாங்கால் நெம்பி உடைத்து உள்ளே போனார்கள். நான் பொலிசாருக்கு விலாசம் சொல்லிக்கொண்டிருந்தேன். சிங்களத்தில், தெளிவாக, நிதானமாகச் சொன்னேன். ஃபோனில் இருந்தவர் தோட்டத்தின் பெயரை இரண்டாம் தடவை கேட்டபோது மலை நகர்ந்தது.

சரிந்தது என்கிறார்கள். நான் பார்த்தது அப்படியல்ல. லயத்துக்கு மேலேயிருந்த தேயிலை வரிசைகள் கலையாமல், வரிசை வரிசையாகவே, நின்ற வாக்கில் கீழே இறங்கி வந்தன. சத்தம் பிறகுதான் வந்தது. அது நின்றபோது முதல் மூன்று காம்பராக்களின் கூரை தெரிந்தது. மற்றவை இருந்த இடத்தில் சிவப்பு மண் இருந்தது, அதில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஃபோனில் அவர் இன்னும் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

செத்தது லயத்தில் பதினொரு பேர். கிராமத்திலிருந்து வந்தவர்களில் ஒருவர். கதவு உடைக்கப்பட்ட மூன்று வீட்டுக்காரர்கள் உயிரோடு இருந்தார்கள். இரண்டாவது, மூன்றாவது காம்பராக்காரர்களை முடியைப் பிடித்து இழுத்துப் போட்டிருந்தார்கள். மற்றக் காம்பராக்களில் தப்பியவர்கள் பின்பக்கத்து ஜன்னலால் விழுந்தவர்கள். அக்காவை மூன்றாம் நாள் எடுத்தார்கள்.

எங்களைப் பாடசாலைக் கட்டடத்தில் தங்க வைத்தார்கள். நான் ஒரு வகுப்பறையில் இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு மருந்து கட்டினேன். ஐந்தாம் நாள் மாரிசாமி வந்து பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். விலாவில் அடி.

"அவனுங்க ஊர்ல ஒரு வீட்டுலயும் ஆள் இருக்கல பாத்தீங்களா ஐயா. மொத நாள் சாயங்காலமே விகாரைப் பன்சலைக்குப் போயிட்டானுங்க. தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் நம்மகிட்ட மூச்சு விடல."

"அவங்கள்ல ஒருத்தர் செத்துட்டாரே."

"ஆள் இல்லாத வீட்டுல பொறுக்கலாம்னு வந்திருப்பானுங்க. மலை முந்திக்கிச்சு."

"உங்களை வெளிய இழுத்துப் போட்டது அவங்கதானே மாரிசாமி."

 அவர் விலாவைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இழுத்தான்தான். அந்தக் காலு இழுக்குறவன்தான். கதவை ஒடைச்சிக்கிட்டு உள்ள வந்தான். அடிக்க வந்துட்டான்னு நான் கட்டையை எடுத்து மண்டையில ஒண்ணு போட்டேன். ரத்தத்தோட எம்பொண்டாட்டியத் தூக்குனான். நான் அவன் முதுகுல குத்திக்கிட்டே பின்னால ஓடி வந்தேன்." பெஞ்சிலிருந்து எழுந்தார். "ஏன் தூக்குனான்னு இன்னும் வெளங்கலைங்க. எதையாச்சும் மனசுல வச்சித்தான் செஞ்சிருப்பான்."

 அப்போதே எனக்குப் பாதி தெரிந்திருந்தது. மீதியைச் சுதுபண்டாவே கொண்டுவந்தார்.

அன்று மத்தியானம் கிராமத்து ஆட்கள் சோற்றுப் பார்சல்களோடு வந்தார்கள். எங்கள் ஆட்கள் பேசாமல் வாங்கிக்கொண்டார்கள். அவர் தலையில் அழுக்கான துணி சுற்றியிருந்தது. நான் கூப்பிட்டு உட்கார வைத்தேன். துணியை அவிழ்த்தபோது, புண் சீழ் வைக்கத் தொடங்கியிருந்தது. நிரஞ்சலா வெந்நீர் எடுத்துவரப் போனாள்.

"வலிக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சிங்களத்தில் சொன்னேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "மாத்தையாவுக்குச் சிங்களம் இவ்வளவு நன்றாக வருமா?" என்றார். "நான் ஒரு நாள் உங்களிடத்துக்கு வந்தேன். பெரிய புத்தகம் படித்துக்கொண்டிருந்தீர்கள். யாழ்ப்பாணத்து டொக்டர் என்று நினைத்தேன். அவர்களுக்கு எங்களோடு பேசப் பிடிக்காது என்பார்கள். கேட்டு அவமானப்படுவானேன் என்று போய்விட்டேன்."

நான் புண்ணைத் துடைத்தேன். அவர் தாமாகவே சொல்லிக்கொண்டு போனார். ஜூலையில் அதிகாரிகள் விகாரையில் கூட்டம் வைத்து, மலையில் வெடிப்பு இருப்பதாகச் சொன்னார்களாம். இவரிடம் டேப்பும் பெயின்டும் கொப்பியும் கொடுத்தார்களாம். வெடிப்பின் இரண்டு பக்கமும் முளை அடித்து, சனிக்கிழமை தோறும் இடைவெளியை அளந்து எழுத வேண்டும். கூடினால் ஃபோனில் சொல்ல வேண்டும். தோட்டத்து ஆட்களுக்கு அவர்களுடைய மனேஜர் துரை சொல்லிக்கொள்வார் என்றார்களாம். துரை, அதிகாரிகளே சொல்லியிருப்பார்கள் என்று இருந்துவிட்டதை நான் முந்திய நாள் கேள்விப்பட்டிருந்தேன்.

"முளையைப் பிடுங்கியதில் எனக்குக் கோபமில்லை" என்றார். "வீடு கட்டுகிற இடம் என்று பிறகு சொன்னார்கள். பயம் இருக்கத்தானே செய்யும். விளங்கப்படுத்த எனக்குத் தமிழ் இல்லை. எங்கள் பக்கத்தில் மட்டும் அளந்தேன். மழையில் அது கூடியதும் முந்திய நாள் சாயங்காலம் எங்களை விகாரைக்குப் போகச் சொன்னார்கள். அந்தக் காலையில் போய்ப் பார்த்தால் என் முளை இரண்டுக்கும் நடுவில் ஆள் இறங்கலாம். மேலே எப்படி இருக்கும் என்று அப்போதுதான் நினைத்தோம். கையில் கிடைத்ததை ஊன்றிக்கொண்டு ஓடி வந்தோம்."

நான் துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

"மாத்தையாவிடம் ஒன்று கேட்க வேண்டும்."

"கேளுங்கள்."

"என் தம்பி ஏழாவது கதவில் நின்றான். உள்ளே ஆள் இருந்தது. ஒரு பெண்ணின் குரல் கேட்டது என்று பக்கத்தில் நின்றவன் சொல்கிறான். மலை வருகிறது, வெளியே வாருங்கள் என்று தம்பி கத்தினான். அடுத்த கதவுக்குப் போகச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவன் போகவில்லை. உள்ளே ஆள் இருக்கிறது, இருக்கிறது என்று இடித்துக்கொண்டே நின்றானாம்." அவர் குரல் ஏறவில்லை. "வீட்டில் அவன் பெண்சாதி கேட்கிறாள். ஏன் அவர்கள் திறக்கவில்லை?"

வெளியே பிள்ளைகள் சோற்றுப் பார்சலின் ரப்பர் வளையத்தை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் புண்ணின் மேல் துணியை வைத்தேன். சுற்றினேன். ஒரு சுற்று, இரண்டாவது சுற்று. அவர் காத்திருந்தார். வாழ்க்கை முழுக்க எனக்குப் பேசாமல் இருப்பது எளிதாக இருந்தது. அப்போது பேசாமல் இருந்திருந்தால்கூடப் போதும்.

"அவர்களுக்குச் சிங்களம் விளங்காது" என்றேன்.

அவர் நெடுநேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கட்டு நழுவாமல் நான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"நானும் அப்படித்தான் நினைத்தேன். வீட்டிலும் அதைத்தான் சொன்னேன்" என்றார். "பாவம். தோட்டத்து ஆட்கள். படிப்பில்லை, என்ன செய்வார்கள்." எழுந்து என் கையைத் தொட்டார். "மாத்தையா போல ஒருவர் அவர்களுக்கு முன்பே எடுத்துச் சொல்லியிருந்தால்."

காலை இழுத்துக்கொண்டு போனார். இனி கிராமத்தில் அது அப்படியே இருக்கும்: பாஷை தெரியாமல், படிப்பில்லாமல் செத்தவர்கள். லயத்தில் மாரிசாமி சொன்னது இருக்கும்: தெரிந்தும் சொல்லாமல் விட்டவர்கள். இரண்டுக்கும் நடுவே, இரண்டு பாஷையும் தெரிந்த ஆளாக நான் ஒருவன் இருந்தேன். போய்க் கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். அவர் வாசலைத் தாண்ட அவ்வளவு நேரம் எடுத்தது.

திரும்பினேன். நிரஞ்சலா வெந்நீர்ப் பாத்திரத்தோடு பின்னால் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. பாத்திரத்தை மேசையில் வைத்தாள்.

"அம்மாவுக்கா சிங்களம் வெளங்காது?" என்றாள்.

நான் கத்தரிக்கோலைத் துடைத்தேன்.

"பெரகல கடையில முதலாளிக்கிட்ட சிங்களத்துல சண்ட போட்டு வெல கொறைக்கிற ஆளு மாமா அது. எனக்கே ஸ்கூல் போறதுக்கு முந்தி அம்மாதான் எண்ணச் சொல்லிக் குடுத்துச்சு. எக்காய், தெக்காய்னு."

"தெரியும் புள்ள."

"அப்ப ஏன் அவருக்கிட்ட அப்படிச் சொன்னீங்க?"

அவள் கேட்டது கோபத்தில் அல்ல. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். தன் கேள்விக்கு மாமாவிடம் நல்ல பதில் ஒன்று இருக்கும் என்று எப்போதும் நம்பி வளர்ந்த பிள்ளை. நான் கத்தரிக்கோலை மேசையில் வைத்தேன்.  பாத்திரத்திலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

"அம்மாவோட ஃபோன் கெடைச்சிருக்காம்" என்றாள் பிறகு. "பொலிசுல வச்சிருக்காங்க. ஒடையலயாம், இன்னும் வேலை செய்யுதாம். நாளைக்குக் காலையில வந்து வாங்கிக்கச் சொன்னாங்க." சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள். "கடைசியா யாருக்கிட்டயாச்சும் பேசிச்சான்னு பாக்கணும்."

வெளியே யாரோ பேர் கூப்பிட்டுப் பார்சல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்களும் கூட வர்றீங்களா மாமா? அங்க சிங்களத்துல எழுதிக் குடுக்கணுமாம்."

"வர்றேன்" என்றேன்.